தாளில் தங்கிய வெள்ளி

அத்தியாயம் பதினான்கு

கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸின் வலது கால் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு போன கிழமையும் தீரவில்லை. டொக்டர் தமக்கு வேண்டும் என்கிறார். அதுவும் பாதத்தின் முன்பக்கம் மட்டும் போதுமாம், அதற்கு மேல் ஆசை இல்லையாம். ஸ்ரனிஸ்லாஸ் தரமாட்டேன் என்கிறார். நடுவில் நிற்பவள் மகள் லவினா. அவளுக்குப் பின்னால், கையில் ஒரு போத்தலோடு, அவளுடைய மாமனார் ஸ்ரீநிவாசன்.

போத்தலில் இருப்பது வெள்ளித் தண்ணீர்.

செட்டியார் தெருவில் முப்பத்தெட்டு வருடம் வெள்ளிப் பாத்திரக் கடை நடத்தியவர் ஸ்ரீநிவாசன். கடையை விற்றுவிட்டு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பொழுது போகாமல் இருந்தவருக்கு ஒருநாள் போனில் ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. இரண்டு சுத்த வெள்ளிக் கம்பி, மூன்று சின்ன பற்றரி, ஒரு கண்ணாடிப் போத்தல் தண்ணீர். வெள்ளி கரைந்து மருந்தாகிவிடுமாம். ஆறாத புண் ஆறுமாம். வேறு எந்தப் பொருளைச் சொல்லியிருந்தாலும் ஸ்ரீநிவாசன் சிரித்திருப்பார். வெள்ளி என்றதும் நம்பிவிட்டார். இத்தனை வருடம் சோறு போட்ட பொருள் தன்னை ஏமாற்றாது என்று ஒரு நினைப்பு.

அதற்கு முன் ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுக் கிடையாது. மகன் வெங்கடேஸ்வரன் கோயிலும் வேண்டாம் சர்ச்சும் வேண்டாம் என்று பதிவாளர் கந்தோரில் லவினாவைக் கைப்பிடித்த நாளோடு எல்லாம் முறிந்தது. இப்போது அவன் கட்டாரில். மருமகள் மாமனார் மாமியாரோடு வெள்ளவத்தையில். சம்பந்தியின் காலில் சீனி வருத்தத்துப் புண் என்று கேள்விப்பட்டு, முதல் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீநிவாசன் கொட்டாஞ்சேனைப் படியேறினார். அந்தக் கிழமை புண் கொஞ்சம் வற்றியது. டொக்டர் கொடுத்த குளிசையும் அதே கிழமைதான் தொடங்கியிருந்தது. அதை யார் கவனித்தார்கள்? பெயர் போத்தலுக்குப் போனது.

அது மூன்று மாதத்துக்கு முந்திய கதை. இன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு ஸ்ரனிஸ்லாஸ் வார்ட்டில் போய்ச் சேரவேண்டும். பன்னிரண்டு மணி வரைதான் கட்டிலை வைத்திருப்பார்கள். நாளை ஒப்பரேஷன்.

*

காலை ஏழு மணிக்கு லவினா குசினிக்குள் வந்தபோது ஸ்ரீநிவாசன் வடித்துக்கொண்டிருந்தார்.

புனலுக்குள் கூம்பாக மடித்த பில்டர் பேப்பர். அதற்குள் கலங்கிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். கீழே போத்தலில் சொட்டுச் சொட்டாக, கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர். மேலே தாளில் சாம்பல் நிறச் சேறு.

சுத்தத் தண்ணீரில் வெள்ளி ஆமை வேகத்தில்தான் இறங்கும். அவ்வளவு பொறுமை அவருக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். போட்டதும் கம்பியைச் சுற்றி வெள்ளைப் புகை எழும். "சரக்கு இறங்குது பார்" என்று மனைவி மீனாளைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"மாமா, இண்டைக்குப் போத்தல் வேணாம்" என்றாள் லவினா.

"ஏம்மா?"

"நீங்க இதைக் கொண்டுபோனா பப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். நேத்தும் கதைச்சனான். சம்பந்தி பாத்துக்கொள்ளுவார் எண்டுறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பார். நான் வாயைத் திறந்தா, அவர்ட காலை நான் வெட்டி விக்கப்போற மாதிரிப் பாக்கிறார்."

ஸ்ரீநிவாசன் கரண்டியை நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகவேணாம்னு நான் சொன்னேனா? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னுதான் சொன்னேன். போகட்டும். கூடவே இதையும் குடிக்கட்டும். ரெண்டும் ஓடட்டும்."

"ரெண்டும் ஓடாது மாமா. அவருக்கு ஒண்டுதான் ஓடும்."

தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மீனாள் திரும்பாமலே சொன்னாள்: "உங்க மாமா கடையில ஒரு குங்குமச் சிமிழ் வாங்கிறதுன்னாலும் நாலு தடவை உரசிப் பார்ப்பார். இந்தத் தண்ணியை எந்தக் கல்லில உரசினார்னு கேளு."

"கம்பியை உரசினேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. சொக்க வெள்ளி."

"கம்பி சொக்கம்தான். நான் தண்ணியைக் கேட்டேன்."

வடித்து முடிந்த தாளை அவர் புனலிலிருந்து பூப்போல எடுத்து, நாலாக மடித்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தார்.

வெள்ளிக்காரர்கள் எதையும் வீசமாட்டார்கள். கடையைப் பெருக்கிய குப்பையைக்கூடச் சாக்கில் கட்டி வைப்பார்கள். வருட முடிவில் உருக்கினால் ஒரு மெட்டிக்காவது தேறும். அந்தப் பழக்கம் வெள்ளவத்தைக் குசினிக்கும் வந்துவிட்டது. மூன்று மாதமாக வடித்த தாள்களை ஒன்று விடாமல் சேர்த்து, நேற்றுத்தான் உருக்குப் பட்டறை மஷூரிடம் கொடுத்திருந்தார். கம்பி இரண்டும் தேய்ந்து ஊசியாகிவிட்டன. தாளில் தேறும் வெள்ளியில் புதுக் கம்பி இழுத்துக்கொள்வதாகத் திட்டம். தாள் கனக்கக் கனக்க அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சாக்குக் கனத்தால் லாபம் என்று பழகிப்போன கை அது.

"பத்து மணி, மாமா."

"மஷூர்கிட்ட வேலையை முடிச்சிட்டு நேரா அங்கே வர்றேன். நானே பேசிக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

"போத்தல்?"

அவர் மூடியைத் திருகினார். "அது என் கையிலதானே இருக்கு."

கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளார்க்காக இருக்கும் லவினா, வழக்குப் பேசத் தெரிந்தவர்களின் முகத்தைத் தினமும் பார்ப்பவள். மாமாவின் முகம் தோற்கப்போகிற கட்சிக்காரரின் முகம் என்று அவளுக்குத் தெரிந்தது. லீவுதான் போட்டிருந்தாள். மேற்கொண்டு பேசாமல் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள்.

*

மஷூரின் பட்டறை செட்டியார் தெருவுக்குப் பின்சந்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"வாங்க மொதலாளி. சாமான் ரெடி."

மடித்த காகிதத்தைப் பிரித்தான். நடுவில் ஒரு வெள்ளிக் குண்டு. பட்டாணியை விடச் சின்னது.

"உப்புப் பட்ட வெள்ளி லேசில வராது மொதலாளி. கட்டியாப் போயிரும். சோடாவும் வெங்காரமும் போட்டு எடுத்தேன். எல்லாம் ஈக்கி. ஒரு பொட்டும் வெளியால போகல்ல. நீங்களே நிறுத்துப் பாருங்க."

மஷூர் சொல்லாவிட்டாலும் அவர் நிறுத்திருப்பார். தராசைக் கண்டால் நிறுக்காமல் நகரும் ஆளில்லை. குண்டு நாலு கிராமும் எண்பது மில்லிகிராமும் காட்டியது. பிறகு, சும்மா இருக்காத கை, மடியிலிருந்து தேய்ந்த கம்பி இரண்டையும் எடுத்துத் தட்டில் வைத்தது. முதல் நாள் கம்பிகளின் நிறை அவருக்கு மனப்பாடம். கழித்துப் பார்த்தார். மூன்று மாதத்தில் கம்பி இழந்தது நாலு கிராமும் இருநூறு மில்லியும்.

ஸ்ரீநிவாசன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கணக்கில் இடிப்பது நூற்றிருபது மில்லி. பையிலிருந்த டப்பாவைத் திறந்தார். இன்று காலை வடித்த தாள், ஈரம் காயாமல், சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தது. அந்த நூற்றிருபது இதோ.

முப்பத்தெட்டு வருட வியாபாரத்தில் அவருடைய சேதாரக் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கம்பியிலிருந்து இறங்கிய வெள்ளி அத்தனையும் தாளில் இருந்தது. அப்படியென்றால் போத்தலுக்குள் போனது எது?

போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மூன்று மாதமாகக் காய்ச்சியவர், இன்றுதான் முதல் தடவை ருசி பார்த்தார். லேசாகக் கரித்தது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

"என்ன மொதலாளி, கொறையிதா?" மஷூருக்குப் பதற்றம். "அல்லாஹ் மேல, நான் ஒண்டும் எடுக்கல்ல."

"இல்லப்பா" என்றார் ஸ்ரீநிவாசன். "குறையவே இல்லை."

போத்தலைப் பட்டறை வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். அது குளுகுளுவென்று இறங்கி முடிகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தி முனையில் ஓட்டோக்காரன் கேட்ட கூலியை ஒரு வார்த்தை குறைக்காமல் ஒப்புக்கொண்டு ஏறினார். பயந்துபோனது ஓட்டோக்காரன்தான். "மஹத்தயா, சனீபத?" என்று இரண்டு தடவை சுகம் விசாரித்தான்.

*

ஸ்ரனிஸ்லாஸ் வீடு இரண்டாம் மாடியில். படி ஏறும்போதே சாம்பிராணி வாசம் மூக்கைத் துளைத்தது. வேதக்கார வீட்டில் செவ்வாய்க்கிழமை காலையில் இவ்வளவு சாம்பிராணி எதற்கு என்று ஸ்ரீநிவாசன் யோசித்திருக்கலாம். அவர் மனம் வேறெங்கோ இருந்தது.

முன்னறைக் கட்டிலில் ஸ்ரனிஸ்லாஸ் சாய்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த மனிதர். உடம்பு இளைத்தாலும் குரல் இன்னும் கிரேன் உயரத்தில்தான். வலது கால் தலையணை மேல், துணிக் கட்டுக்குள். பக்கத்தில் மனைவி றஞ்சிதம். கதவோரம் பேக்கோடு லவினா. மணி பத்தரை.

"வாங்கோ சம்பந்தி! இவளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. பேக்கையும் கட்டிக்கொண்டு நிக்கிறாள், ஹனிமூன் போற மாதிரி. போத்தல் எங்க?"

"கொட்டிட்டேன்."

"என்ன?"

"கானில கொட்டிட்டேன் சம்பந்தி." ஸ்ரீநிவாசன் வெள்ளிக் குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் உங்க மருந்து. மூணு மாசத்து மருந்து முழுக்க இதுக்குள்ள இருக்கு. எல்லாம் பேப்பரில நின்னுபோச்சு. நீங்க குடிச்சதும், புண்ணில ஊத்தினதும், வெறும் உப்புத் தண்ணி. நான் நிறுத்துப் பார்த்துட்டேன்."

லவினா பேக்கைக் கீழே வைத்தாள். மாமனார் இப்படிச் சொல்வார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் மகளைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மனுசனுக்கு என்ன சொல்லிக் குடுத்தனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை பப்பா! எனக்கே இப்பதான் தெரியும்."

"நாப்பது வருசம் ஹாபரில நிண்டனான், சம்பந்தி. எத்தினை வியாபாரியைப் பாத்திருப்பன். தன்ர சாமான் சரியில்லை எண்டு சொன்ன ஒருத்தனைக் காணேல்லை. அப்பிடி ஒருத்தன் சொன்னா, அதை வேற ஆளுக்குக் கூட விலைக்குப் பேசிப்போட்டான் எண்டு அர்த்தம்."

"சத்தியமாச் சொல்றேன்."

"சத்தியமும் உங்கட கடையில இருந்த சாமான்தானே."

ஸ்ரீநிவாசனுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான பேச்சு. கடையில் அவர் செய்த சத்தியங்களை எண்ணினால் ஒரு அலுமாரி நிறையும். உண்மை சொல்லிப் பழக்கமில்லாத வாய்க்கு, தேவைப்படும் நாளில் அதை எந்தக் குரலில் சொல்வதென்று தெரியவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் குண்டை இரண்டு விரலால் உருட்டினார். உருட்ட உருட்டச் சிரிப்புக் குறைந்தது.

"அப்ப... எல்லாம் பேப்பரில?"

"ஆமா. எல்லாம் பேப்பரில."

"தண்ணியில ஒண்டும் இல்லை?"

"ஒண்ணுமில்லை." புரிந்துகொண்டார் என்று ஸ்ரீநிவாசனுக்கு மூச்சு வந்தது.

"அப்ப நீங்க வடிச்சதுதான் பிழை" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "மருந்தை வடிச்சு எடுத்துப்போட்டு எனக்குத் தண்ணியைத் தந்திருக்கிறீங்க. பரவாயில்லை, தெரியாமச் செஞ்சது. அதுதான் புண் இழுத்தடிக்குது. இண்டைக்கு வடிச்ச பேப்பர் எங்க?"

கடையில் பேசும்போது ஸ்ரீநிவாசனின் கண் ஒருநாளும் சரக்கின் பக்கம் போனதில்லை. இன்று போய்விட்டது. டப்பா இருந்த பையை அது ஒரு கணம் தொட்டுத் திரும்பியதை ஸ்ரனிஸ்லாஸ் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்குத்தான் இருக்கு. எடுங்கோ. புண்ணில வச்சுக் கட்டுவம்."

"பப்பா, அது மருந்தில்லை! அழுக்கு!"

"நேத்துவரைக்கும் தண்ணி அழுக்கு எண்டாய். இண்டைக்குப் பேப்பர் அழுக்கா? உனக்கு டொக்டர்ட கத்தி ஒண்டுதான் சுத்தம்."

"நேரம் போகுது. பன்னிரண்டுக்குக் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க."

"குடுக்கட்டும்." ஸ்ரனிஸ்லாஸின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "டெரிக்கைத் தெரியுந்தானே, என்னோட கிரேனில இருந்தவன். முதல் அவனிட்டக் கேட்டது ஒரு விரல். குடுத்தான். பிறகு பாதம். பிறகு முழங்கால். பிறகு பெட்டி. துண்டு துண்டா வாங்கினவங்கள், மகள். முழு ஆளையும் ஒரேயடியாக் கேட்டிருந்தா அவன் குடுத்திருப்பானா?"

றஞ்சிதம் இன்னொரு கட்டிச் சாம்பிராணியைத் தணலில் போட்டாள்.

ஸ்ரீநிவாசன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மருந்து தனக்குத் தெரியாது என்று இன்று காலை தெரிந்துகொண்டார். தெரிந்தது வியாபாரம் ஒன்றுதான். அதை எடுத்தார்.

"சம்பந்தி, டெரிக் ஒவ்வொரு தடவையும் எப்ப குடுத்தார்? கேட்ட நாளிலயா, நாள் கழிச்சா?"

"...நாள் கழிச்சு."

"உங்ககிட்ட டொக்டர் முதல் கேட்டது என்ன?"

"பெருவிரல்" என்றாள் றஞ்சிதம்.

"குடுக்கலை. இப்ப?"

"முன்பாதம்."

"ஏறுற சந்தை இது. இன்னைக்கு விலை நாளைக்கு இல்லை. இறங்குற சந்தைன்னா இருங்க, நானே இருக்கச் சொல்வேன். ஏறுற சந்தையில காத்திருக்கிறவன் தொலைஞ்சான்."

"நீங்கதானே மாமா இருக்கச் சொன்னீங்க" என்றாள் லவினா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"ஆமா" என்றார் அவர். "நான்தான் சொன்னேன்."

அந்த ஒப்புதல்தான் ஸ்ரனிஸ்லாஸை அசைத்திருக்கவேண்டும். கீழே தெருவில் ரொட்டி விற்கும் சூன்பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, நின்று, போனது.

"கணுக்காலுக்குக் கீழ" என்றார் கடைசியில். "அதுக்கு மேல ஒரு அங்குலம் குடுக்கமாட்டன்."

"சரி."

"டொக்டரிட்ட நீங்கதான் கதைக்கோணும். இவள் கதைச்சா ஓம் ஓம் எண்டு எல்லாத்துக்கும் தலையாட்டுவாள்."

"நான் கதைக்கிறேன்."

"மற்றது, ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் அந்தப் பேப்பர் காலில இருக்கோணும். அதுக்கு ஓமெண்டா வாறன்."

ஸ்ரீநிவாசன் மருமகளைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. லவினா தலையை அசைத்தாள். ஒரு தாளுக்கு ஒரு முழங்கால் மிஞ்சுமென்றால், செட்டியார் தெருவிலேயே இதைவிட நல்ல பேரம் படிந்ததில்லை.

"அவிழுங்கோ அம்மா" என்றாள். "கெதியா."

றஞ்சிதம் தயங்கினாள். "மூண்டு நாளா அவிழ்க்க விடேல்லை மகள். வெள்ளி ஊறட்டும் எண்டு சொல்லி..."

முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்று தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது சுற்று விலகியதும் சாம்பிராணி எதற்கு என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். புண்ணைப் பார்க்கும் தைரியம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. காலில் உணர்ச்சி செத்து வருடமாகிறது. வலி வந்தல்லவா சேதி சொல்லவேண்டும்.

பாதம் இல்லை. பாதம் இருந்த இடத்தில் கறுப்பாக என்னவோ இருந்தது. அந்தக் கறுப்புக் கணுக்காலைத் தாண்டி, கெண்டைக்காலில் பாதி ஏறி, அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடாக முழங்காலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் பேசிப் பேசிப் படியவைத்த விலை, மூன்று நாளைக்கு முன்னாலேயே தீர்ந்துபோன சரக்குக்கு.

றஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?" ஸ்ரனிஸ்லாஸ் கண் திறக்கவில்லை. "வச்சாச்சா? வடிவா ஒட்டுதா?"

ஸ்ரீநிவாசன் ஈரத்தாளை விரித்தார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கறுப்பின் மேல் வைத்தார். சேறு ஒரு பக்கமாக வழிந்தது.

"ஒட்டுது சம்பந்தி."

"கணுக்காலுக்குக் கீழ. மறக்கக்கூடாது. நீங்க தந்த வாக்கு."

"மறக்கலை."

லவினா துணிக் கட்டின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. குனிந்து, தகப்பனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"டொக்டரிட்டக் கதைக்கிறது இருக்கட்டும் மாமா. பப்பாட்ட இதை ஆர் சொல்றது?"

ஸ்ரீநிவாசன் துணியைச் சுற்றத் தொடங்கினார். கணுக்காலில் முடிச்சுப் போடவேண்டிய இடத்தைத் தாண்டி, மேலே, இன்னும் மேலே சுற்றிக்கொண்டே போனார்.